பிரிண்ட்டை விட்டு லாகருக்கு மாறுவது எப்படி: பைத்தான் எழுதுபவர்களுக்கு

உங்கள் மடிக்கணினியில், உங்கள் கண் முன்னால் ஓடும் புரோகிராமுக்கு பிரிண்ட் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் இன்றுவரை சின்ன ஸ்கிரிப்ட்டுகளில் பிரிண்ட்தான் போடுகிறேன். அதே புரோகிராம் எங்கோ ஒரு சர்வரில், நீங்கள் தூங்கும் நேரத்தில், திரையைப் பார்க்க ஆளில்லாமல் ஓட ஆரம்பிக்கும்போதுதான் வம்பு.

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று செய்தோம். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு போயிருக்கு, கஸ்டமர் முன்னாடியே நிக்கிறார்." சர்வரில் போய் லாக் ஃபைலை, அதாவது புரோகிராம் தான் செய்ததை வரி வரியாக எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்தால் வரிசையாக "எரர்", "எரர்", "இங்கே வந்தது", "இங்கே வந்தது 2". எந்த பில், எத்தனை மணி, என்ன எரர், எதுவுமே இல்லை. அந்த "இங்கே வந்தது 2" நான் எழுதியது.

அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது என்னவோ மூன்றே வரிதான். இப்படி:

2019-10-24 19:42:07,318 இன்ஃபோ கடை.பேமென்ட் பில்=48213 தொகை=1250 முயற்சி=1 அனுப்பியாயிற்று
2019-10-24 19:42:37,322 வார்னிங் கடை.பேமென்ட் பில்=48213 முயற்சி=1 30 நொடியில் பதில் இல்லை, மறுபடி அனுப்புகிறோம்
2019-10-24 19:42:39,870 இன்ஃபோ கடை.பேமென்ட் பில்=48213 தொகை=1250 முயற்சி=2 பணம் ஏற்கப்பட்டது

முதல் முயற்சியில் பணம் போய்விட்டது, பதில் மட்டும் தாமதம். பொறுமையில்லாத நம் நிரல் இரண்டாவது தடவையும் அனுப்பிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. இந்த மூன்று வரி இருந்திருந்தால் கடைக்காரர் போனை வைப்பதற்குள் பதில் சொல்லியிருக்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். தமிழில் எழுதினால் பூட்டுக்கும் லாக்தான், இதற்கும் லாக்தான். இங்கே பூட்டைப் பற்றி எங்கேயும் பேசப்போவதில்லை. அப்புறம், நிரல் வரிகளை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வாயால் சொல்வது போலத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்

பைத்தானோடு கூடவே லாகிங் என்ற மாட்யூல் வருகிறது. 2003இல் வந்த பைத்தான் 2.3 முதல் இருக்கிறது. ஜாவா உலகத்தின் லாக்4ஜே என்ற லாகிங் லைப்ரரியைப் பார்த்துச் செய்ததால்தான் அதன் ஃபங்ஷன் பெயர்களெல்லாம் பைத்தான் வழக்கத்துக்கு மாறாக, அடிக்கோடு இல்லாமல் நடுவில் பெரிய எழுத்தோடு இருக்கின்றன: கெட்லாகர், ஆட்ஹேண்ட்லர், செட்லெவல். பார்க்கக் கொஞ்சம் ஒட்டாத மாதிரி இருக்கும், பழகிவிடும்.

உங்கள் ஃபோல்டரில் எந்த ஃபைலுக்கும் லாகிங் டாட் பிஒய் என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்தால் பைத்தான் அசல் மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலை இம்போர்ட் செய்யும், கெட்லாகர் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சண்டை பிடிக்கும். புதிதாகப் பழகுபவர்களில் பாதிப் பேர், பழகிப் பார்க்கும் ஃபைலுக்கு இந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம்.

இந்த மாட்யூலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. செய்தியை எழுதும் இடமும், அந்தச் செய்தி எங்கே போய்ச் சேரும் என்று முடிவு செய்யும் இடமும் வேறு வேறு. பிரிண்ட்டில் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, எழுதினால் திரைக்குத்தான் போகும். லாகிங்கில், பேமென்ட் மாட்யூல் "இந்த பில்லுக்குப் பதில் வரவில்லை" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அது திரைக்குப் போகுமா, ஃபைலுக்குப் போகுமா, இல்லை யார் கண்ணிலும் படாமல் அப்படியே விடப்படுமா என்பதெல்லாம் புரோகிராம் தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு தடவை தீர்மானிக்கிற சங்கதி. கீழே சொல்லும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலப்பதால் வருபவைதான்.

எழுதும் இடத்தில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஃபைலின் தலையிலும், இம்போர்ட்டுகளுக்குக் கீழே, செய்திகளை வாங்கிக்கொள்ளும் லாகரை உருவாக்க ஒரு வரி: லாகர் சமம் லாகிங் டாட் கெட்லாகர், அடைப்புக்குள் டண்டர் நேம், அதாவது இருபக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட நேம். அது அந்த மாட்யூலின் பெயரைத் தானாகவே தரும், கடை என்ற பேக்கேஜுக்குள் பேமென்ட் என்ற ஃபைல் என்றால் லாகரின் பெயர் கடை.பேமென்ட். அந்தப் புள்ளி சும்மா இல்லை. கடை.பேமென்ட்டுக்கு அப்பா கடை, கடைக்கு அப்பா ரூட் லாகர், எல்லா லாகர்களுக்கும் மூலம் அதுதான். பிள்ளையிடம் சொன்ன செய்தி அப்படியே மேலே ஏறி, அப்பா, தாத்தா எல்லோருடைய ஹேண்ட்லர்களுக்கும் போகும். செய்தியைத் திரைக்கோ ஃபைலுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஹேண்ட்லர். இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அதன் பிறகு பிரிண்ட் இருந்த இடங்களில் லாகர் டாட் இன்ஃபோ, லாகர் டாட் வார்னிங் என்று போட வேண்டியதுதான். எதை எங்கே போடுவது? ஐந்து நிலைகள், உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. லாகரில் ஒரு நிலையை வைத்தால், அதைவிடச் சிறிய எண் உள்ளவை அணைந்துவிடும், எழுதப்படாது. நான் பிரிக்கும் விதம் இது. வியாபாரத்தில் ஒன்று நடந்தது என்றால் இன்ஃபோ, பில் போட்டாயிற்று, பணம் வந்தது மாதிரி. எதிர்பாராதது நடந்தது ஆனால் புரோகிராம் சமாளித்துக்கொண்டது என்றால் வார்னிங். ஒரு வேலையை எடுத்து முடிக்க முடியாமல் போனால் எரர். புரோகிராமே நிற்கப்போகிறது என்றால் கிரிட்டிக்கல், அதை வருடத்துக்கு ஒரு தடவை போட்டாலே அதிகம். மற்றதெல்லாம் டீபக்.

யாரோ ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அது எரர் இல்லை. அடித்தவருக்குத்தான் எரர், உங்கள் புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. இதையெல்லாம் எரரில் தள்ளினால் ஒரு நாளைக்கு ஆயிரம் எரர் வரும், ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், நிஜமான எரர் வரும் அன்றைக்கும் பார்க்க மாட்டார்கள்.

செய்தியை எழுதும்போது எஃப்-ஸ்ட்ரிங் போடாமல், சதவீதக்குறி எஸ் என்று இடம் விட்டு, மதிப்புகளைக் கமாவுக்குப் பின்னால் தனியாகக் கொடுங்கள். அந்த நிலை அணைக்கப்பட்டிருந்தால் செய்தியைக் கோத்து உருவாக்கும் வேலையே நடக்காது. ஆனால் இதை நம்பி, கமாவுக்குப் பின்னால் டேட்டாபேஸைக் கேட்டு வரும் ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள், டீபக் அணைந்திருந்தாலும் அந்த ஃபங்ஷன் ஓடத்தான் செய்யும். அப்படி ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் லாகர் டாட் இஸ்எனேபில்டுஃபார் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எக்செப்ட் பிளாக்குக்குள் இருக்கும்போது லாகர் டாட் எரர் போடாமல் லாகர் டாட் எக்செப்ஷன் போடுங்கள். நிலை அதே எரர்தான், ஆனால் முழு டிரேஸ்பேக்கும் சேர்ந்து வரும். எங்கள் பில்லிங் கதையில் "எரர்" என்று மொட்டையாக இருந்த வரி, எக்செப்ஷனை ஸ்ட்ரிங்காக மாற்றிக்கூட அச்சிடாமல் யாரோ எழுதியது. (அது நான் இல்லை.) ஆனால் இதிலும் ஒரு அளவு வேண்டும். கீழே ஒரு ஃபங்ஷன் லாக் எழுதிவிட்டு எக்செப்ஷனை மறுபடி மேலே எறிகிறது, மேலே உள்ளது அதைப் பிடித்து இன்னொரு தடவை எழுதுகிறது, அதற்கும் மேலே இன்னொன்று. ஒரே தப்புக்கு நாலு டிரேஸ்பேக். ஒன்று லாக் எழுதிச் சமாளியுங்கள், இல்லாவிட்டால் பேசாமல் மேலே எறியுங்கள்.

இன்னொன்று, செய்தியில் பில் எண் மாதிரி தேடக்கூடிய அடையாளம் எப்போதும் இருக்கட்டும், எல்லா மாட்யூலிலும் ஒரே பெயரில். ஒரு இடத்தில் பில்=48213, இன்னொரு இடத்தில் ரசீது எண் 48213 என்று இருந்தால் கிரெப் (ஃபைலுக்குள் எழுத்தைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடும்போது பாதிக் கதைதான் கிடைக்கும்.

தொடங்கும் இடத்தில் செய்ய வேண்டியது

புரோகிராமின் மெயின் ஃபங்ஷனில், முதல் வேலையாக, லாக் அமைப்பை ஒரே அழைப்பில் செய்துவிடும் லாகிங் டாட் பேசிக்கான்ஃபிக். இதைச் செய்யாமல் விட்டால் இன்ஃபோ எதுவும் வராது, ஏனென்றால் ரூட் லாகரின் இயல்பான நிலை வார்னிங். "இன்ஃபோ போட்டேன், ஒன்றுமே காணோம்" என்று வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் இதுதான். லெவலை இன்ஃபோ என்று கொடுங்கள், ஃபார்மேட்டில் நேரம், நிலை, லாகர் பெயர், செய்தி என்று நாலும் வரட்டும். ஃபைலில் எழுதுவதானால் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுத மறக்காதீர்கள் (பைத்தான் 3.9 முதல் பேசிக்கான்ஃபிக்கிலேயே கொடுக்கலாம்). நம் ஊர்க் கடையில் "முருகன் ஸ்டோர்ஸ்" என்று தமிழிலேயே பெயர் இருக்கும், விண்டோஸ் மெஷினில் என்கோடிங் சொல்லாமல் ஃபைல் திறந்தால் அந்த எழுத்துகளை எழுத முடியாமல் திணறும். புரோகிராம் நிற்காது, திரையில் லாகிங் எரர் என்று ஒரு நீளமான புலம்பல் வரும், ஆனால் உங்களுக்கு வேண்டிய வரி ஃபைலில் இருக்காது.

பேசிக்கான்ஃபிக் ஒரு தடவைதான் வேலை செய்யும். ரூட்டில் ஏற்கனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால், இரண்டாவது தடவை கூப்பிடும்போது சத்தமே போடாமல் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். ஜூபிட்டர் நோட்புக்கில் வேலை செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். பைத்தான் 3.8 முதல் ஃபோர்ஸ் சமம் ட்ரூ என்று கொடுத்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாக அமைக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடத்துக்கு லாக் போக வேண்டுமென்றால் ஹேண்ட்லர்களை நீங்களே ரூட்டில் சேர்க்க வேண்டும். ரூட்டில் மட்டும். ஒவ்வொரு மாட்யூலிலும் ஆட்ஹேண்ட்லர் போட்டால் என்ன ஆகும்? பிள்ளையின் ஹேண்ட்லர் ஒரு தடவை எழுதும், மேலே ஏறிப் போன அதே செய்தியை ரூட்டின் ஹேண்ட்லரும் எழுதும், எல்லா வரியும் இரண்டிரண்டாக வரும். அதையே அடிக்கடி கூப்பிடப்படும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: முதல் பில்லுக்கு ஒரு வரி, இரண்டாவதுக்கு இரண்டு, நூறாவது பில்லுக்கு நூறு. பணம் நிஜமாகவே நூறு தடவை போய்விட்டதோ என்று ஒருவர் பதறியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிலையை லாகரிலும் வைக்கலாம், ஹேண்ட்லரிலும் வைக்கலாம். செய்தி இரண்டு வாசலையும் தாண்ட வேண்டும். ஃபைலுக்கு இன்ஃபோ முதல் எல்லாமும், திரைக்கு எரர் மட்டும் என்றால், ரூட்டை இன்ஃபோவில் வைத்துவிட்டுத் திரை ஹேண்ட்லரை எரரில் வையுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. செய்தி மேலே ஏறும்போது அப்பா லாகரின் நிலையை யாரும் பார்ப்பதில்லை, அவருடைய ஹேண்ட்லர்களின் நிலையைத்தான் பார்ப்பார்கள். அதனால் கடை.பேமென்ட்டை டீபக்கில் வைத்துவிட்டு ரூட்டை வார்னிங்கில் வைத்தாலும் பேமென்ட்டின் டீபக் வரிகள் வந்து கொட்டும். இது தெரிந்தால் இதையே நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம்: ஒரு மாட்யூலில் மட்டும் பிரச்சினை என்றால் அதை மட்டும் டீபக்குக்கு மாற்றுங்கள், மற்றவை அமைதியாக இருக்கும். அதே மாதிரி, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி ஏதாவது அதிகமாகப் பேசினால், உதாரணமாக வலைக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் யுஆர்எல்லிப்3, அதன் பெயரில் கெட்லாகர் போட்டு நிலையை வார்னிங்குக்கு உயர்த்திவிடுங்கள்.

நீங்களே மற்றவர்கள் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால், பேசிக்கான்ஃபிக் பக்கமே போகாதீர்கள். எதையும் எங்கேயும் எழுதாத நல்ஹேண்ட்லர் ஒன்றை மாட்டிவிட்டு எழுதிக்கொண்டே போங்கள். எங்கே காட்டுவது என்பது உங்கள் லைப்ரரியைக் கூப்பிடும் அப்ளிகேஷனின் உரிமை.

அமைப்பு பெரிதானால் டிக்ட்கான்ஃபிக்குக்கு மாறலாம், எல்லாவற்றையும் ஒரு டிக்ஷனரியில் எழுதிக் கொடுத்துவிடும் முறை. அதில் டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ் என்று ஒரு சாவி இருக்கிறது, எழுதாமல் விட்டால் ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும். அதன் விளைவு, இம்போர்ட்டின்போதே உருவாகிவிட்ட உங்கள் லாகர்களில், தன் பெயரோ தன் அப்பா, தாத்தா (ரூட் தவிர) பெயரோ அந்த டிக்ஷனரியில் வராதவை எல்லாம் ஊமையாகிவிடும். ஏன் ட்ரூ வைத்தார்களோ, எனக்கு அதில் இன்றுவரை கடுப்புதான். ஃபால்ஸ் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

டிஸ்க், நேரம், பல புராசஸ்

வெறும் ஃபைல்ஹேண்ட்லர் வளர்ந்துகொண்டே போகும், டிஸ்க் நிறையும், கடைசியில் டேட்டாபேஸும் எழுத இடமில்லாமல் நிற்கும். லாக் எழுதியதாலேயே சர்வர் படுத்த கதை எல்லா ஆபீஸிலும் ஒன்றாவது இருக்கும். குறிப்பிட்ட அளவு வந்ததும் புது ஃபைலுக்கு மாறி (இதைத்தான் சுழல்வது என்கிறேன்), மிகப் பழையதை அழித்துவிடும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் போடுங்கள்: மேக்ஸ்பைட்ஸ் 10 எம்பி, பேக்கப்கவுண்ட் 5 என்றால், இப்போது எழுதும் ஃபைலும் பழையவை ஐந்தும் சேர்த்து 60 எம்பியைத் தாண்டாது. மேக்ஸ்பைட்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு பேக்கப்கவுண்ட்டை மறந்தால் அது சுழலவே சுழலாது, இயல்பு மதிப்பு பூஜ்ஜியம். டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், அதன் வழக்கமான ஜேசன்-ஃபைல் டிரைவர் நீங்கள் மேக்ஸ்-சைஸ் கொடுத்தாலொழிய எதையும் சுழற்றாது.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பது டிஸ்க்கின் கேள்வி மட்டும் இல்லை. இந்தியாவில் நிறுவனங்களுக்காக வேலை செய்கிறீர்கள் என்றால், செர்ட்-இன் என்ற அரசு சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் 60 எம்பியோடு நிறுத்தாமல், சுழன்று விழும் பழைய ஃபைல்களை வேறு இடத்தில் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டை உங்கள் அட்மினிடம் பேசிவிடுங்கள்.

கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கும். கடைக்காரர் "காலையில பத்து மணிக்கு" என்பார், லாக்கில் அது 04:30. யுடிசியிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி, ஆனால் எந்த நேரம் என்பது ஃபார்மேட்டிலேயே எழுதியிருக்கட்டும்.

குனிகார்ன் மாதிரி வெப் சர்வரில், பல புராசஸ்களாக ஓடும் வெப் அப்ளிகேஷனில், எல்லாப் புராசஸும் ஒரே ஃபைலில் எழுதுவதை இந்த மாட்யூல் ஆதரிப்பதில்லை. த்ரெட்டுகளுக்குள் பிரச்சினை இல்லை, புராசஸ் என்று வந்தால் சிக்கல், அதிலும் ஃபைல் சுழலும் நேரத்தில் வரிகள் காணாமல் போகும். எளிய வழி, ஃபைலையே விட்டுவிட்டுத் திரைக்கு எழுதுவது, சேகரிக்கும் வேலையை, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி-யோ டாக்கரோ பார்த்துக்கொள்ளும்.

இப்படிப் பல ரிக்வெஸ்ட்டுகளின் வரிகள் பின்னிப் பிணைந்து வரும்போது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, கான்டெக்ஸ்ட்வார்ஸில் (ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்றாக மதிப்பை வைத்துக்கொள்ளும் பைத்தான் மாட்யூல்) வைத்து, ஒரு ஃபில்டர் (ஒவ்வொரு செய்தியையும் போகிற வழியில் பார்க்கும் நிரல்) மூலம் எல்லா வரியிலும் தானாக ஒட்டவைக்கலாம். அந்த ஃபில்டரை ரூட் லாகரில் மாட்டாமல் ஹேண்ட்லரில் மாட்டுங்கள். லாகரில் மாட்டினால் பிள்ளைகளிடமிருந்து ஏறி வரும் செய்திகள் அதன் வழியாகப் போகாது, எனக்கு இது புரிய அரை நாள் போயிற்று.

எழுதவே கூடாதவை

பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண், ஆதார் எண். "நான் ஏன் அதையெல்லாம் எழுதப்போகிறேன்" என்பீர்கள். நேராக எழுத மாட்டீர்கள், வந்த ரிக்வெஸ்ட்டை முழுசாக டீபக்கில் அச்சிடுவீர்கள், அதற்குள் எல்லாம் இருக்கும். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் 33 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது நினைவிருக்கலாம். ஹேஷ் செய்யும் (திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றும்) வேலை முடிவதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. வேண்டிய ஃபீல்டுகளை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள், முழுப் பொருளையும் கொட்டாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் எழுத்தை நம்பவும் கூடாது. 2021 டிசம்பரில் உலகம் முழுவதும் சர்வர்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த லாக்4ஷெல், லாக்4ஜே 2 என்ற லாகிங் லைப்ரரியில் இருந்த ஓட்டைதான். செய்திக்குள் குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு முகவரி இருந்தால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல், அந்த முகவரிக்குப் போய் அங்கே இருப்பதைக் கொண்டுவந்து இயக்கியது. சாட் பெட்டியில் ஒரு வரி அடித்தே சர்வரைப் பிடித்துவிடலாம் என்ற நிலை. பைத்தானின் லாகிங்கில் அந்த வசதியே கிடையாது, ஆனாலும் பயனர் அடித்ததை முதல் ஆர்க்யுமென்ட்டாக, அதாவது ஃபார்மேட் இருக்க வேண்டிய இடத்தில், ஒருபோதும் கொடுக்காதீர்கள். கமாவுக்குப் பின்னால்தான் அதற்கு இடம். அதில் புதுவரிக் குறிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் பெயர்ப் பெட்டியில் என்டர் சேர்த்து, "பணம் ஏற்கப்பட்டது" என்று பொய்யாக ஒரு முழு லாக் வரியையே உருவாக்கிவிட முடியும்.

சர்வரில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். நெட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் போடுங்கள், டேட்டாபேஸை நிறுத்திவிட்டு ஒன்று போடுங்கள். அப்புறம் லாக் ஃபைலை மட்டும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, எந்த பில், எத்தனை மணிக்கு, எதனால் நின்றது என்று கேளுங்கள். "நிரலையும் கொஞ்சம் காட்டு" என்று அவர் எங்கே கேட்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது, போய் எழுதிவிட்டு வாருங்கள்.